மலை ரயில் குழுவுக்குப் புதிய அட்மினா? பரிசு மோசடியை இப்படித் தடுங்கள்

நீலகிரி மலை ரயிலுக்கென்றே ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் பழைய ரசிகர் குழுக்கள் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் வண்டியைப் படம் எடுக்கிறவர்கள், ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிப்பதைப் பார்க்கவே வருகிறவர்கள், அரவங்காடு தொழிற்சாலையில் வேலை பார்த்து அந்த வண்டியிலேயே போய்வந்து ஓய்வு பெற்றவர்கள் என்று எல்லாரும் அவற்றில் உண்டு. ஐப்பசி மழையில் கல்லாறுக்கு மேலே மண் சரிந்துவிட்டால், "நாளைக்கு வண்டி ஓடுமா?" என்ற கேள்விக்குப் பல நேரம் அங்கேதான் முதலில் பதில் கிடைக்கும்.

இப்போது அதே குழுக்களைத் திறந்தால் "வாழ்த்துகள்! உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது", "இலவச ரீசார்ஜ்", "வீட்டிலிருந்தே தினமும் 3,000 ரூபாய்" என்று வரிசையாக வந்து நிற்கிறது. ரன்னிமீடு பக்கம் மழையில் காத்திருந்து ஒருவர் எடுத்த படம் அதற்கடியில் புதைந்து போகிறது. பழைய ஆட்கள் சண்டை போடுவதில்லை. முதலில் மியூட் செய்கிறார்கள், பிறகு ஒருநாள் சொல்லாமல் வெளியேறிவிடுகிறார்கள். குன்னூரில் இருந்துகொண்டு அப்படி ஒரு குழுவை நண்பர்களோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறேன். புதிதாக அட்மின் பொறுப்புக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொடைக்கானல் குழுவானாலும், ஏதோ ஒரு நடிகருக்கோ இசையமைப்பாளருக்கோ உள்ள ரசிகர் குழுவானாலும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். முகம் தெரியாதவன் போடும் லிங்க்கை நம்மவர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. பல வருடமாக எஞ்சின் படம் போட்டு வரும் ஒருவர் பெயரில் அதே லிங்க் வந்தால் யோசிக்காமல் தொடுவார்கள். பழைய குழுவில் மோசடிக்காரனுக்குக் கிடைக்கும் லாபமே அந்த நம்பிக்கைதான். ஆகவே வெளியாட்களை வடிகட்டுவதைவிட, உள்ளே இருக்கிறவர்களின் அக்கவுண்ட் பிறர் கைக்குப் போகாமல் பார்ப்பதுதான் நமக்குப் பெரிய வேலை.

முதல் வேலை: அட்மின் பட்டியல்

பொறுப்பு ஏற்ற அன்றே, யார் யார் அட்மின் என்று பாருங்கள். பழைய குழு என்றால் பட்டியல் நீளமாக இருக்கும். அதில் சிலர் குழுப்பக்கமே வருவதில்லை. சிலர் நம்பரை மாற்றிவிட்டார்கள். ஓரிருவர் காலமாகியும் இருப்பார்கள்.

இந்தத் தூங்கும் அட்மின் அக்கவுண்டுகள்தான் குழுவின் பலவீனமான இடம். ஒருவர் விட்டுவிட்ட மொபைல் எண், குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். ஃபேஸ்புக் அக்கவுண்ட் இன்னும் அந்த எண்ணோடு இணைந்திருந்தால், பாஸ்வேர்டு மாற்றும் குறியீடு புதியவருடைய போனுக்குப் போகும். எண் மாறாவிட்டாலும், வேறு ஏதோ தளத்தில் கசிந்த பழைய பாஸ்வேர்டையே இங்கேயும் வைத்திருந்தால் அதுவே போதும். அட்மின் ஒருவரின் அக்கவுண்ட் போனால், மற்ற அட்மின்கள் எல்லாரையும் நீக்கிவிட்டுக் குழுவையே எடுத்துக்கொள்ளலாம். பெயரை மாற்றி, ஆயிரக்கணக்கான உறுப்பினர்களோடு இன்னொருவனுக்கு விற்றும் விடுவார்கள்.

வராதவர்களுக்கு மரியாதையாக ஒரு போன் போடுங்கள். "அண்ணா, பாதுகாப்புக்காக அட்மின் லிஸ்ட்டைச் சின்னதாக்கறோம். உங்க பேரை எடுத்துக்கட்டுங்களா? மெம்பரா எப்பவும் இருங்க" என்றால் பெரும்பாலும் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். காலமானவர் என்றால் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நீக்குங்கள். அவர் போட்ட படங்களைத் தொடாதீர்கள். தினமும் குழுவைப் பார்க்கிற மூன்று நான்கு பேர் அட்மினாக இருந்தால் போதும். அதே சமயம் ஒருவர் மட்டும் இருக்கவும் கூடாது. வாட்ஸ்அப்பில் கடைசி அட்மின் வெளியேறினால் உறுப்பினர்களில் யாரோ ஒருவர் தானாகவே அட்மின் ஆகிவிடுவார். ஃபேஸ்புக்கில் அட்மினே இல்லாத குழு என்றால், பொறுப்பு ஏற்கிறீர்களா என்று மற்ற உறுப்பினர்களிடம் ஃபேஸ்புக்கே கேட்கும். அந்த வாய்ப்புக்காகக் காத்திருக்கிறவர்கள் உண்டு.

மிச்சமிருக்கும் ஒவ்வொரு அட்மினும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை, அதாவது அக்கவுண்டுக்கு இரண்டாவது பூட்டை, போட்டாக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுண்ட் என்று போனால் இருக்கும். ஆறு இலக்க பின் ஒன்றை வைத்து, மறந்தால் மீட்க இமெயிலையும் கொடுத்துவிடுங்கள்.

உள்ளே வரும் வழி

பழைய குழுவின் இன்வைட் லிங்க் எங்கெல்லாமோ கிடக்கும். யாரோ யூடியூப் வீடியோவுக்குக் கீழே போட்டிருப்பார், யாரோ வேறு குழுவில் பகிர்ந்திருப்பார். அதை ரீசெட் செய்துவிடுங்கள், பழைய லிங்க் செத்துவிடும். பிறகு புதியவர்களை அட்மின் அனுமதித்த பிறகே சேர்க்கும் அமைப்பைப் போடுங்கள்.

ஃபேஸ்புக்கில் சேர விரும்புகிறவர்களிடம் கேள்வி கேட்கலாம். இங்கே பலர் தேர்வு வைத்துவிடுகிறார்கள். "பல்சக்கரப் பாதை எந்த ஸ்டேஷனில் தொடங்குகிறது?" என்று கேட்டால் கல்லாறு என்று எந்தத் தேடுபொறியும் சொல்லிவிடும். ஆனால் போன வாரம்தான் அம்மாவோடு முதல்முறை இந்த ரயிலில் வந்துபோன பெண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தப் பெண்தான் நமக்கு வேண்டியவர். "இந்த ரயில் உங்களுக்கு ஏன் பிடிக்கும்?" என்று கேளுங்கள். மனிதர் எழுதும் இரண்டு வரியும், மொத்தமாகச் சேர வரும் போலி அக்கவுண்ட் விட்டுப்போகும் "ஓகே", "யெஸ்"ஸும் பார்த்தாலே தெரியும். அக்கவுண்ட் புதியது என்பதற்காக மட்டும் யாரையும் தள்ளிவிடாதீர்கள். எஸ்டேட் பிள்ளைகள் பலருக்கு முதல் போனே இப்போதுதான் கைக்கு வருகிறது. புதியவர்களின் முதல் சில பதிவுகள் மட்டும் அட்மின் பார்த்த பிறகு வெளிவரும்படி வைத்தால் போதும்.

"அட்மின் மட்டும் எழுதலாம்" என்ற பூட்டை நிரந்தரமாகப் போடுகிற குழுக்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்பாம் நின்றுவிடும், கூடவே பேச்சும் நின்றுவிடும். ராத்திரியில் மளமளவென்று குப்பை வந்து விழும்போது விடியும்வரை பூட்டிவையுங்கள், காலையில் திறந்துவிடுங்கள்.

தெரிந்த பெயரில் வரும் மெசேஜ்

குழுவில் நல்ல பெயருள்ள ஒருவர் திடீரென்று ஒரு பரிசு லிங்க் போடுகிறார். அல்லது தனித்தனியாகச் சிலருக்கு "அவசரமா 5,000 வேணும், சாயங்காலம் திருப்பித் தர்றேன்" என்று அனுப்புகிறார். எழுதும் நடை மாறியிருக்கும். எப்போதும் "வணக்கம் நண்பர்களே" என்று தமிழில் எழுதுகிறவர் அன்றைக்கு ஆங்கிலத்தில் ஒரே வரி போட்டிருப்பார். அல்லது மொழிபெயர்ப்பு மெஷினில் போட்டு எடுத்த தமிழாக இருக்கும்.

முதலில் அந்த மெசேஜை, நம்பரும் நேரமும் தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு எல்லாருக்கும் அழியும்படி நீக்குங்கள். உடனே அவரைத் தற்காலிகமாகக் குழுவிலிருந்து எடுங்கள். அதன்பின் சாதாரண போன் காலில் கூப்பிடுங்கள். வாட்ஸ்அப் கால் வேண்டாம், அது மோசடிக்காரன் கையில் இருக்கலாம். கடைசியாகக் குழுவில் ஒரு வரி போடுங்கள்: "நம்ம நண்பர் ஒருத்தரோட அக்கவுண்ட் வேற யார் கையிலயோ இருக்கு. அந்த நம்பர்லருந்து என்ன வந்தாலும் தொடாதீங்க, பணம் அனுப்பாதீங்க. அவர் மேல தப்பில்ல." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அதைச் சொல்லாவிட்டால் அவர் திரும்பி வர மாட்டார்.

அக்கவுண்ட் போவது பெரும்பாலும், வாட்ஸ்அப் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் ஆறு இலக்கக் குறியீட்டால்தான். "தவறி உங்க நம்பருக்கு ஒரு கோடு வந்துடுச்சு, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று, ஏற்கெனவே மாட்டிய இன்னொரு நண்பரின் பெயரில் கேட்பார்கள். சொன்ன நிமிடமே வாட்ஸ்அப் அவர்கள் போனில் திறந்துவிடும். இன்னொரு வழி, கூரியர்காரர் என்றோ டிக்கெட் ஏஜென்ட் என்றோ பேசி, நட்சத்திரக் குறியும் 21, 401 போன்ற எண்ணும் சேர்த்து ஒரு நம்பரை டயல் செய்யச் சொல்வது. அதை டயல் செய்தால் உங்களுக்கு வரும் கால்கள் அவர்கள் நம்பருக்குத் திரும்பிவிடும். குறியீட்டைக் காலில் சொல்லும் வசதி இருப்பதால் அதுவும் அங்கேயே போய்விடும். ஏற்கெனவே டயல் செய்துவிட்டவர் ##002# என்று டயல் செய்தால் எல்லாக் கால் ஃபார்வர்டும் ரத்தாகும்.

போன அக்கவுண்டை மீட்க, அவர் தன் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து தன் எண்ணையே மறுபடி பதிவு செய்ய வேண்டும். எஸ்எம்எஸ்ஸில் வரும் புதிய குறியீட்டைப் போட்டதும் மோசடிக்காரன் வெளியே தள்ளப்படுவான். அவன் டூ ஸ்டெப் பின் வைத்துவிட்டிருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டிவரும், ஆனால் அந்த நாட்களில் அவனும் உள்ளே இருக்க முடியாது. அக்கவுண்ட் கைக்கு வந்ததும் "லிங்க்டு டிவைசஸ்" பகுதியைத் திறந்து, தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இணைந்திருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு இதைப் போனில் விளக்குவது கடினம். பக்கத்தில் இருந்தால் ஸ்டேஷனிலோ டீக்கடையிலோ உட்கார்ந்து செய்து கொடுப்பது நல்லது.

ஒரு பரிசு மெசேஜைப் பிரித்துப் பார்ப்போம்

இப்படி ஒன்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்: "நீலகிரி மலை ரயில் ஆண்டு விழா! முதல் 500 பேருக்கு முதல் வகுப்பு டிக்கெட் இலவசம். லிங்க்கைத் தொட்டு 4 கேள்விக்குப் பதில் சொல்லவும்." மேலே நீல எஞ்சின் படம், ஓரத்தில் யுனெஸ்கோ முத்திரை.

ஆண்டு விழா என்பதே நல்ல தூண்டில். குன்னூர் வரை ரயில் வந்தது 1899இல். ஊட்டி வரை நீண்டது 1908இல். யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 2005இல். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை வைத்து எந்த வருடமும் ஒரு விழாவை உண்டாக்கிவிடலாம். இந்த ஆண்டுகளை மனப்பாடமாக வைத்திருக்கிற ரசிகருக்கு மெசேஜ் உண்மையாகவே படும்.

அடுத்து லிங்க். முகவரியின் தொடக்கத்தில் "இந்தியன் ரயில்வே" என்று என்ன வேண்டுமானாலும் எழுதிவிடலாம். பார்க்க வேண்டியது, தொடக்கத்தில் உள்ள https:// போக, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் முடிவை. அரசுத் தளங்கள் பெரும்பாலும் "டாட் கவ் டாட் இன்" அல்லது "டாட் நிக் டாட் இன்" என்று முடியும். ரயில் டிக்கெட் தளம் "ஐஆர்சிடிசி டாட் கோ டாட் இன்". இவை இல்லாமல் "டாட் எக்ஸ்ஒய்இசட்", "டாட் டாப்" என்று முடிந்தாலோ, சுருக்கிய லிங்க்காக இருந்தாலோ ரயில்வே பெயரில் வந்த அறிவிப்பை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

உள்ளே போனவர்களுக்கு நடப்பது ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். கேள்விக்கு எந்தப் பதிலைத் தொட்டாலும் சரி என்று வரும். பிறகு சில பெட்டிகள். முதல் பெட்டி காலி, இரண்டாவதோ மூன்றாவதோ "ஜெயித்துவிட்டீர்கள்!" கீழே "எனக்கு டிக்கெட் கிடைத்தது, நன்றி" என்று பத்துப் பேர் எழுதியிருப்பார்கள். அது பக்கத்தோடு சேர்த்தே எழுதி வைத்தது. மேலே கடிகாரம் ஒன்று குறைந்துகொண்டே வரும், பக்கத்தை மறுபடி திறந்தால் முதலிலிருந்து ஓடும். அடுத்ததாக "5 குழுக்களுக்கு அல்லது 20 நண்பர்களுக்குப் பகிருங்கள்" என்பார்கள். ஒரு பச்சைக் கோடு நிறையும்வரை பகிர வேண்டும். நம் குழுவுக்கு அந்த லிங்க் வந்து சேர்வதும் அப்படித்தான். போட்டவர் கெட்டவர் இல்லை, பச்சைக் கோட்டை நிரப்பிக்கொண்டிருந்தவர்.

முடிவில் பெயர், முகவரி, மொபைல் எண் எல்லாம் கேட்டு, "கூரியர் செலவு 49 ரூபாய்" என்று நிற்கும். 49 ரூபாய்தானே என்று தோன்றும். அந்த இடத்தில் யுபிஐ திரையில் "ஆட்டோபே" அல்லது "மேன்டேட்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு யுபிஐ பின் நம்பரைப் போட்டால், மாதாமாதம் பெரிய தொகை எடுக்க அனுமதி கொடுத்தது போலத்தான். தவறிக் கொடுத்துவிட்டவர்கள் அதே யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யலாம்.

இன்னொரு முடிவு, "பரிசு பெற இந்த ஆப்பை இறக்குங்கள்" என்று ஒரு ஏபிகே ஃபைல், அதாவது ப்ளே ஸ்டோர் வழியாக இல்லாமல் நேராக நிறுவும் ஆண்ட்ராய்டு ஆப். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதச் சலான் என்ற பெயர்களிலும் இது வரும். நிறுவினால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி எல்லாம் அவர்களுக்குப் போகும். குழுவில் ஏபிகே ஃபைல் யார் போட்டாலும், எதற்காகப் போட்டாலும் நீக்குவது என்று ஒரே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். ரயில் ரசிகருக்கு ஏபிகே தேவைப்படும் சந்தர்ப்பமே கிடையாது. ஒருவர் நிறுவிவிட்டார் என்றால் உடனே ஏரோப்ளேன் மோடில் போட்டு, அந்த ஆப்பை நீக்கி, வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்ல வேண்டும்.

உறுப்பினர்களுக்கு அடிக்கடி சொல்ல வேண்டிய இரண்டு விஷயம். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, பின் கேட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது. இரண்டாவது, "பரிசுக்கு வரி முன்னாலேயே கட்டுங்கள்" என்பது. லாட்டரி, போட்டிப் பரிசுப் பணத்துக்கு வரி 30 சதவீதம் என்பது உண்மைதான். பரிசுத் தொகை 10,000 ரூபாயைத் தாண்டினால், கொடுக்கிறவரே வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுக்க வேண்டும். யாரோ ஒருவரின் கூகுள் பே நம்பருக்கு வரி கட்டும் வழக்கம் நாட்டில் எங்கும் இல்லை.

லாட்டரி என்று வந்தால்

கூடலூர், பந்தலூர் பக்கத்து நண்பர்கள் எல்லைக்கு அந்தப்பக்கம் கேரள லாட்டரிக் கடைகளைத் தினமும் பார்க்கிறவர்கள். அதனால் "கேரள லாட்டரி ஆன்லைனில்" என்று வரும் மெசேஜ் அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. தமிழ்நாட்டில் 2003 முதலே லாட்டரி விற்பனைக்குத் தடை இருக்கிறது. கேரள அரசும் தன் லாட்டரியைக் காகிதச் சீட்டாகத்தான் விற்கிறது, ஆன்லைனிலோ வாட்ஸ்அப்பிலோ விற்பதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் சீட்டின் படம் வெறும் படம்தான். கேபிசி ("கோன் பனேகா குரோர்பதி" டிவி நிகழ்ச்சி) பெயரில் 25 லட்சம் விழுந்ததாக வரும் வாய்ஸ் மெசேஜும் பல வருடமாகச் சுற்றுகிறது. பெரும்பாலும் +92 என்று தொடங்கும் எண்களிலிருந்து வரும், அது பாகிஸ்தான் குறியீடு.

ரசிகர்களுக்கென்றே செய்த தூண்டில்கள்

பொதுவான பரிசு மோசடியைப் பற்றிப் பேப்பரிலும் போலீஸ் அறிவிப்பிலும் படித்துவிடலாம். நம் ஆர்வத்தைத் தெரிந்துகொண்டு வருவதைப் பற்றி நாம்தான் பேச வேண்டும்.

சீசனில் மலை ரயில் டிக்கெட் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். வெயிட்டிங் லிஸ்ட் நீண்டு கிடக்கும். அந்த நேரம் பார்த்து, "ஸ்பெஷல் நீராவி வண்டி, 12 சீட் மிச்சம், இந்த நம்பருக்கு அட்வான்ஸ் போடவும்" என்று வரும். டிக்கெட் ஐஆர்சிடிசியிலும் ஸ்டேஷன் கவுண்டரிலும்தான். தனிநபரின் யுபிஐக்குப் பணம் போட்டு வாங்கும் இருக்கை எதுவும் இல்லை.

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி வந்தது. அந்த இ-பாஸ் இலவசம். "அவசர இ-பாஸ், 200 ரூபாய்" என்று யார் போட்டாலும் நீக்குங்கள். ஃபார்வர்ட் லிங்க்கைத் தொடாமல், நீலகிரி அல்லது திண்டுக்கல் மாவட்ட நிர்வாகத்தின் தளத்திலிருந்து போகச் சொல்லுங்கள்.

பிறகு நினைவுப் பொருட்கள். எஞ்சினின் பித்தளை நம்பர் தகடு, ஸ்டேஷன் விளக்கு, பழைய அட்டை டிக்கெட் என்று படத்தோடு விற்பனைக்கு வரும். சேகரிப்பாளருக்குக் கை பரபரக்கும். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு காணாமல் போவது ஒரு வகை. பொருள் உண்மையாக இருந்தால் இன்னும் பெரிய சிக்கல். ரயில்வே சொத்தை முறையில்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முறையான ஏலத்தில் எடுத்த ரசீது இல்லாமல் தகடும் விளக்கும் வாங்கினால், பணம் போவது மட்டுமல்ல, வழக்கும் வரலாம். என் கருத்தில் ரசிகர் குழுவில் பழம்பொருள் விற்பனைக்கே இடம் கொடுக்க வேண்டாம். அதனால் சில நல்ல சேகரிப்பாளர்களுக்கு வருத்தம் வரும், அவர்களிடம் நேரில் விளக்கிவிடலாம்.

ஃபேஸ்புக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். "குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இந்தக் குழந்தை தனியாக நிற்கிறது, பகிருங்கள்" என்று ஒரு படம். கமெண்ட் மூடியிருக்கும். மனம் கேட்காமல் நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்த பிறகு, அதே பதிவைத் திருத்தி வீட்டு வாடகை விளம்பரமோ பரிசு லிங்க்கோ ஆக்கிவிடுவார்கள். நீங்கள் பகிர்ந்தது உங்கள் பெயரிலேயே மாறி நிற்கும். பதிவின் திருத்த வரலாற்றைத் திறந்தால் பழைய வடிவம் தெரியும். உண்மையாகவே குழந்தையைத் தேடுகிறவர்கள் கமெண்டை மூட மாட்டார்கள், போலீஸ் ஸ்டேஷன் பெயரும் போட்டிருப்பார்கள்.

பணம் போய்விட்டது என்று ஒருவர் சொன்னால்

1930. இந்த எண்ணை நீங்களும் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், குழு விவரத்திலும் எழுதிவிடுங்கள். தேசிய சைபர் கிரைம் உதவி எண் இதுதான். 155260 என்ற பழைய எண் சில ஃபார்வர்டுகளில் இன்னும் சுற்றுகிறது, அதை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நேரம்தான் இங்கே எல்லாம். போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து ஏடிஎம்முக்கும் போய்விடும் முன் வழியிலேயே நிறுத்திவைக்க வங்கிகளுக்குத் தகவல் போக வேண்டும். அதனால் வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பதை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கூப்பிடும்போது வங்கிக் கணக்கு, தொகை, நேரம், யுபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்க எண், பணம் போன யுபிஐ ஐடி எல்லாம் கையில் இருக்க வேண்டும். அந்த 12 இலக்கம் யுபிஐ ஆப்பில் அந்தப் பரிமாற்றத்தைத் தொட்டால் தெரியும். அதோடு வங்கிக்கும் சொல்லிக் கார்டையும் யுபிஐயையும் நிறுத்திவிட வேண்டும். ஓடிபியை நாமே சொல்லியிருந்தால் அதுவரை போனது நம் தலையில்தான். ஆனால் வங்கிக்குத் தெரிவித்த பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை சொல்கிறது. அதனால் சொன்ன நேரத்தையும் புகார் எண்ணையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

பிறகு "சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்" தளத்தில் எழுத்துப்பூர்வமான புகார். தனியாகச் செய்ய முடியாதவர்களை ஊட்டியில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு யாராவது கூட்டிப்போகலாம். பணம் போகவில்லை, மோசடி மெசேஜ் மட்டும் வந்தது என்றால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் "சக்ஷு" என்ற பகுதியில் அந்த எண்ணைத் தெரிவிக்கலாம். சாட்டை அழிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். பயத்தில் பலரும் முதலில் செய்வது அழிப்பதுதான்.

சில வாரம் கழித்து இன்னொரு போன் வரும். "சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, திருப்பி அனுப்ப 2,000 ரூபாய் கட்டணம்." ஏமாந்தவர்களின் பட்டியல் மோசடிக்காரர்களுக்குள் கைமாறுகிறது. புகார் கொடுத்த அன்றே இதையும் எச்சரித்துவிடுங்கள்.

ஏமாந்தவரிடம் பேசுவது

இதுதான் அட்மின் வேலையில் கடினமானது, முக்கியமானதும்கூட. குழுவில் எல்லார் முன்னாலும் "இதையெல்லாம் நம்பலாமா சார்?" என்று ஒருவர் எழுதினால் போதும், அடுத்து மாட்டுகிறவர் வாயே திறக்க மாட்டார். அப்படி எழுதுகிற கமெண்டை நீக்கிவிடுங்கள், அதில் தயங்க வேண்டாம்.

தனியாகக் கூப்பிடுங்கள். "ஐயா, அந்த லிங்க்ல எதாச்சும் டைப் பண்ணீங்களா? நம்பர், கார்டு, பின் எதாச்சும்? பரவால்லைங்க, எனக்குத் தெரிஞ்சா அடுத்தது என்ன செய்யணும்னு பார்க்கலாம்." கேள்வி இந்த வரிசையில் இருந்தால் மனிதர் பதில் சொல்வார். ஏன் தொட்டீர்கள் என்று கேட்காதீர்கள். அந்தப் பதிலால் யாருக்கும் பயனில்லை. பெரியவர்கள் சிலர், "தம்பி, பையனுக்கு மட்டும் தெரிய வேண்டாம்" என்பார்கள். அதற்கு மதிப்புக் கொடுங்கள். ஆனால் தொகை பெரிதாக இருந்தாலோ, குரல் உடைந்திருந்தாலோ, வீட்டில் ஒருவரிடமாவது சொல்ல அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டுத்தான் போனை வையுங்கள்.

சந்தேகம் வந்தால் கேட்க ஓர் இடம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் குழுவில் அட்மின்களில் இருவரின் எண்ணை அதற்கென்றே கொடுத்திருக்கிறோம். "இது நெஜமா?" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் சீக்கிரம் பதில் போட்டுவிடுவோம். எந்த ஃபில்டரும் தராத பலனை இது தருகிறது, ஏனென்றால் பணம் போவதற்கு முன்பே ஆள் கேட்கிறார்.

குழுவின் மேலே "பின்" செய்து வைக்க வேண்டிய பதிவு

ஸ்பாமுக்கு இடம் கிடைப்பது நாம் பதில் சொல்லாமல் விட்ட கேள்விகளில்தான். டிக்கெட் எப்படி எடுப்பது என்று கேட்டவருக்கு இரண்டு நாள் பதில் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் "ஏஜென்ட்" இன்பாக்ஸில் நிற்பான். எனவே ஒரு பதிவை எழுதி மேலே பின் செய்துவிடுங்கள். டிக்கெட் எங்கே எடுப்பது, இ-பாஸ் இலவசம் என்பது, மழைக்கால ரத்து அறிவிப்பை எங்கே பார்ப்பது, 1930, சந்தேகம் கேட்கும் அட்மின் எண்கள், இவ்வளவு போதும். அட்மின் யாரும் பணமோ ஓடிபியோ ஒருபோதும் கேட்க மாட்டார்கள் என்ற வரியும் அதில் இருக்கட்டும். அட்மினின் படத்தைப் போட்டுப் போலி அக்கவுண்ட் திறப்பதும் நடக்கிறது.

அந்தப் பதிவை ஏப்ரல் சீசன் தொடங்கும் முன்னால் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒருமுறையும் திருத்துங்கள். நேரமோ விதியோ மாறினால் பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். நீக்காமல் விட்ட பழைய பதிவைத்தான் மோசடிக்காரர்கள் காப்பி எடுத்து, எண்ணை மட்டும் மாற்றித் திரும்பக் கொண்டுவருகிறார்கள்.